எழுத்துருவில் இந்த எழுத்து இருக்கிறதா? செய்நிரல் எழுதிச் சோதிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஹட்டனில் அச்சக வேலை பார்க்கிறேன். கூடவே, பெயர்ப் பட்டியலைக் கோப்பிலிருந்து எடுத்து அட்டையில் பதிக்கிற செய்நிரல்களும் எழுதுகிறேன். பாடசாலைப் பரிசளிப்புச் சான்றிதழ், கோயில் தேர்த்திருவிழா நோட்டீஸ், திருமண அழைப்பிதழ் என்று வேலைகள் வரும். உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கிற பிள்ளைகளும், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இதே தொழில் செய்கிற நண்பர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். யூனிகோட் எண்களைத் தசமத்தில் எழுதியிருக்கிறேன். பைதானில் 'ஓர்ட்' என்று கேட்டால் கிடைப்பது இதே எண்தான்.

திரையில் எழுத்து சரியாகத்தானே தெரிகிறது, அப்புறம் ஏன் சோதிக்க வேண்டும்?

திரையில் தெரிவது நீங்கள் தேர்ந்த எழுத்துருவின் எழுத்துத்தான் என்று நம்ப முடியாது. கேட்ட எழுத்து அந்த எழுத்துருவில் இல்லாவிட்டால், உலாவியும் இயங்குதளமும் சத்தமில்லாமல் வேறோர் எழுத்துருவிலிருந்து அதை இரவல் வாங்கி வைத்துவிடும். கோட்டின் தடிப்பு கொஞ்சம் மாறும், உயரம் ஒரு நூல் கூடும், அவ்வளவுதான். அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை.

ஒரு பாடசாலைக்கு 140 சான்றிதழ்கள் அடித்தேன். பட்டியலை உலாவியில் திறந்து, பெயர் பெயராகப் பார்த்துத்தான் அனுப்பினேன். அட்டைகள் மண்டபத்துக்குப் போன பிறகு ஆசிரியை ஒருவர் போன் எடுத்தார். இரண்டு பிள்ளைகளின் பெயர் தொடங்கும் இடத்தில் வெறும் சதுரம். இரண்டுமே 'ஶ்ரீ' என்று தொடங்குகிற பெயர்கள். திரை இரவல் வாங்கியது. அட்டையில் பதித்த என் நிரலுக்கு ஒரே ஓர் எழுத்துருதான் கொடுத்திருந்தேன், அதற்கு இரவல் வாங்கத் தெரியாது. லயத்து வீட்டுச் சுவரில் அந்த அட்டை எத்தனையோ வருடம் தொங்கப் போகிறது. அன்று மாலையே திருத்தி அடித்து, கையோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன் பிறகு சோதனை ஓடாமல் ஒரு பட்டியலும் அச்சுக்குப் போனதில்லை.

ஓர் எழுத்து 'இருக்கிறது' என்று எழுத்துருவுக்குள் எங்கே எழுதியிருக்கும்?

எழுத்துருக் கோப்பு பல அட்டவணைகளின் கட்டு. அதில் 'சிமேப்' என்ற அட்டவணைக்கு ஒரே வேலை: யூனிகோட் எண்ணைக் கொடுத்தால், அதற்குரிய உருவத்தின் எண்ணைத் திருப்பித் தரும். க என்றால் 2965. அந்த எண் அட்டவணையில் இருந்தால் உருவம் உண்டு. இல்லாவிட்டால், அல்லது பதிலாக 0 வந்தால், இல்லை. 0 என்ற இடத்தில் 'நொட்டெஃப்' எனப்படும் வெற்று உருவம் இருக்கும். நாம் பார்க்கிற சதுரப் பெட்டி அதுதான். அதன் செல்லப்பெயர் டோஃபு. கூகுளின் நோட்டோ எழுத்துருக்குடும்பத்தின் பெயரே 'டோஃபு வேண்டாம்' என்பதிலிருந்து வந்தது.

'ஓஎஸ்2' என்ற இன்னோர் அட்டவணையில், எந்தெந்த மொழிப் பகுதிகளை இந்த எழுத்துரு ஆதரிக்கிறது என்று காட்டும் பிட்டுகள் உண்டு. தமிழுக்கு 20ஆம் பிட், சிங்களத்துக்கு 73. அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது எழுத்துருவைச் செய்தவர் போட்ட அடையாளம். பாதித் தமிழ் மட்டும் உள்ள எழுத்துருவிலும் அது போடப்பட்டிருக்கலாம்.

பைதானில் எப்படிச் செய்வது?

'ஃபொண்ட்டூல்ஸ்' என்ற நூலகத்தை நிறுவிக்கொள்ளுங்கள். அதன் 'டிடிஃபொண்ட்' வகுப்பால் கோப்பைத் திறந்து, 'கெட்பெஸ்ட்சிமேப்' என்ற செயலியைக் கூப்பிட்டால் ஓர் அகராதி கையில் வரும். சாவி யூனிகோட் எண், மதிப்பு உருவத்தின் பெயர். பிறகு உங்கள் வாசகத்தின் ஒவ்வொரு குறிக்கும் 'ஓர்ட்' எண்ணை எடுத்து, அகராதியில் உண்டா என்று பாருங்கள். இல்லாதவற்றை ஒரு கணத்தில் (பைதானின் 'செட்') சேர்த்து, எந்த வரி, எந்தப் பெயர் என்பதோடு அச்சிடுங்கள். வெறும் எண்ணை மட்டும் அச்சிட்டால் 600 பெயர்களுக்குள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

சில இடங்களில் கவனம் தேவை. வாசகத்தை முதலில் 'என்எஃப்சி' வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். 'யூனிகோட்டேட்டா' நூலகத்தின் 'நோர்மலைஸ்' அதைச் செய்யும். கொ என்பதன் ொ ஒரே குறியாக 3018 என்றும் இருக்கலாம், ெ, ா என்று 3014, 3006 ஆகிய இரண்டாகவும் வரலாம். இரண்டும் சமம் என்பதே யூனிகோட் விதி. வரி முறிவு, டாப் போன்றவற்றையும், கண்ணுக்குத் தெரியாத இணைப்பிகளான 8204, 8205 என்ற எண்களையும் 'இல்லை' பட்டியலில் சேர்க்காதீர்கள். பல எழுத்துருக்களை ஒரே கோப்பில் அடைத்த 'டிடிசி' வகை என்றால், எத்தனையாவது எழுத்துரு என்ற எண்ணையும் கொடுக்க வேண்டும். அகராதிக்குப் பதில் 'நன்' (எதுவுமில்லை என்ற பைதான் மதிப்பு) வந்தால் அந்தக் கோப்பில் யூனிகோட் அட்டவணையே இல்லை என்று அர்த்தம். பழைய எழுத்துருக்களில் இது நடக்கும்.

'ஸ்ரீ' ஒரு பட்டியலில் வருகிறது, இன்னொன்றில் சதுரம் ஆகிறது. இரண்டும் ஒரே எழுத்துத்தானே?

கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. ஸ என்ற 3000இல் தொடங்கும் ஸ்ரீ ஒன்று. ஶ என்ற 2998இல் தொடங்கும் ஶ்ரீ மற்றது. ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005இல், 4.1ஆம் பதிப்பில்தான். அதற்கு முன் எல்லோரும் ஸ போட்டே எழுதினார்கள். அதன் பிறகு ஶ போடுவதே முறை என்றது யூனிகோட். எந்த வடிவம் வரும் என்பது தட்டச்சு செய்கிற விசைப்பலகையைப் பொறுத்தது. ஒரே வகுப்பில் ஸ்ரீதரன் ஒரு விதமாகவும் ஶ்ரீதேவி மற்ற விதமாகவும் பட்டியலுக்குள் வந்துவிடுகிறார்கள்.

2005க்கு முந்திய எழுத்துருவில் ஶ இருக்க வழியில்லை. அதற்குப் பிந்திய எழுத்துரு என்றாலும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். எழுத்துருவை மாற்ற முடியாத இடத்தில் ஶ்ரீயை ஸ்ரீ ஆக்கி அச்சிடலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் உருவம் ஒன்றேதான். ஆனால் மூலப் பட்டியலில் கை வைக்காதீர்கள், அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் மாற்றுங்கள். பிறகு பெயரைத் தேடும்போதும் இரண்டு வடிவத்தையும் ஒன்றாகக் கருத வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளையின் பெயர் 'பட்டியலில் இல்லை' என்று வரும்.

எல்லாக் குறியும் இருக்கிறது என்று நிரல் சொல்கிறது. ஆனால் அச்சில் 'கொ' சிதைந்து வருகிறதே?

நான் அதிக நேரம் எடுத்துச் சொல்லிக் கொடுப்பது இதைத்தான். பள்ளியில் நாம் படித்த தமிழ் எழுத்துகள் 247. யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் 2944இலிருந்து 3071 வரை 128 இடங்கள் உண்டு. அவற்றில் நிரப்பப்பட்டவை 72 மட்டுமே. கு, டி, நூ, றை இவற்றுக்குத் தனி எண் கிடையாது. கு என்றால் க, அதன் பின் ு. இந்த இரண்டையும் சேர்த்து ஒரே வடிவமாக்குவது 'ஜிசப்' என்ற வேறோர் அட்டவணையின் வேலை. கெ, கே, கை என்றால் பின்னால் சேமித்த கொம்பை முன்னால் தூக்கி வைக்க வேண்டும். அதை எழுத்துரு தனியாகச் செய்யாது, வடிவமைக்கும் இயந்திரமும் (குறிகளை எழுத்து வடிவமாக அடுக்கும் மென்பொருள்) சேர்ந்து செய்கிறது.

ஆகவே சிமேப்பைக் கேட்பது பாதிக் கேள்வி. க உண்டா, உண்டு. ு உண்டா, உண்டு. இரண்டும் சேர்ந்து கு ஆகுமா? அதற்கு அந்த அட்டவணையில் பதில் இல்லை.

மீதிப் பாதியைக் கேட்க 'ஹார்ஃப்பஸ்' இருக்கிறது. ஃபயர்பொக்ஸ், குரோம், ஆண்ட்ராய்டு, லிப்ரே ஒஃபிஸ் எல்லாம் எழுத்தை வடிவமைக்கப் பயன்படுத்துவது இதையே. பைதானில் 'யுஹார்ஃப்பஸ்' என்ற பெயரில் கிடைக்கும். முழுப் பெயரையும் கொடுத்தால், கடைசியில் எந்தெந்த உருவங்கள் எந்த வரிசையில் வரும் என்று எண்களாகச் சொல்லும். அந்த வரிசையில் 0 இருந்தால் சதுரம் விழப் போகிறது. கூடவே வரும் 'கிளஸ்டர்' எண், அது பெயரின் எந்த இடம் என்று காட்டும். சிமேப் பார்ப்பதைவிட இது நம்பகமானது. ொ தனி உருவமாக இல்லாத எழுத்துருவில் ஹார்ஃப்பஸ் அதை ெ, ா என்று பிரித்துச் சரியாகப் போட்டுவிடும். அங்கே சிமேப் மட்டும் பார்த்தால் வீணாக 'இல்லை' என்று வரும்.

சேர்க்கை வேலை செய்கிறதா என்று பார்க்க இன்னொரு வழி வைத்திருக்கிறேன். கு, டி, க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை ஹார்ஃப்பஸ் வழியாக ஒரு தடவையும், குறி குறியாகச் சிமேப் வழியாக ஒரு தடவையும் எடுத்து ஒப்பிடுவேன். இரண்டு விடையும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருந்தால், அந்த எழுத்துருவில் சேர்க்கை நடக்கவில்லை. அதைத் தமிழுக்கு எடுக்க மாட்டேன்.

எழுத்துரு நல்லது, ஆனாலும் கொம்பு பின்னால் விழுகிறது என்றால் படம் வரையும் நூலகத்தைச் சந்தேகியுங்கள். பைதானின் 'பில்லோ' படத்தில் எழுத்தைப் பதிக்கும்; ஆனால் 'ராக்ம்' என்ற துணை நூலகம் சேராவிட்டால் குறிகளை வந்த வரிசையிலேயே வைத்துவிடும். பொகவந்தலாவை என்று ஒரு தடவை அச்சிட்டுப் பாருங்கள். முதல் எழுத்திலேயே தெரிந்துவிடும்.

பழைய பட்டியல் பாமினியில் இருக்கிறது. அதை எப்படிச் சோதிப்பது?

சோதிக்க முடியாது. முதலில் மாற்ற வேண்டும்.

இலங்கையில் பழைய தமிழ்க் கோப்புகளில் பெரும்பகுதி பாமினிதான். பாமினி, ஆங்கில எழுத்துகளின் எண்களுக்கு மேலே தமிழ் உருவங்களை ஏற்றி வைத்த எழுத்துரு. கோப்புக்குள் இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினியைப் போட்டால் அது 'அம்மா' என்று தெரியும். ஆகவே நிரல் பார்க்கிற வாசகத்தில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. எந்த ஆங்கில எழுத்துருவைக் கொடுத்தாலும் 'எல்லாம் இருக்கிறது' என்றே பதில் வரும், அச்சில் விழுவதோ பொருளற்ற ஆங்கில எழுத்துகள். தலைகீழாக, யூனிகோட் பட்டியலை எடுத்துக்கொண்டு பாமினிக் கோப்பைக் கேட்டால் ஒரு தமிழ் எழுத்தும் இல்லை என்று சொல்லும். கண் முன்னால் தமிழாகத் தெரிகிற எழுத்துருவைப் பார்த்து நிரல் அப்படிச் சொன்னால் பயப்பட வேண்டாம், நிரல் சொன்னது உண்மை. இதே வழியில் செய்த வேறு சில எழுத்துருக்கள் உருவங்களை 61440 முதல் 61695 வரையான இடத்தில் வைத்திருக்கும். மேலே சொன்ன 'நன்' பதில் பெரும்பாலும் அவற்றிடமிருந்துதான்.

தோட்டத்து செக்ரோல் (தொழிலாளர் பெயர்ப் பதிவேடு) பெயர்களை வைத்து அடையாள அட்டை அடிக்க வேண்டி வந்தால் என் முதல் சோதனை இது: பட்டியலில் 2944–3071க்குள் விழுகிற குறி எத்தனை? தமிழ்ப் பெயர்ப் பட்டியல் என்று கொடுத்த கோப்பில் விடை 0 என்றால் அது பழைய குறிமுறை. யூனிகோடுக்கு மாற்றி, மாற்றியதை ஒரு மனிதர் வாசித்துச் சரிபார்த்த பிறகுதான் எழுத்துருச் சோதனை.

ஜாவா, ஆண்ட்ராய்டு, விண்டோஸ்?

ஜாவாவில் எழுத்துருப் பொருளிடமே 'கேன்டிஸ்ப்ளேஅப்டூ' என்று கேட்கலாம். எல்லாம் இருந்தால் -1, இல்லாவிட்டால் முதலில் தடுக்குகிற இடம். ஆண்ட்ராய்டில் 6.0 முதல் 'பெயின்ட்' வகுப்பில் 'ஹாஸ்கிளிஃப்' உண்டு. அதற்குப் பல குறிகளைச் சேர்த்துக் கொடுத்தால் அவை ஒரே உருவமாகச் சேர்கின்றனவா என்றுதான் பார்க்கும். முழுப் பெயரைக் கொடுத்து ஏமாற வேண்டாம். விண்டோஸில் டைரக்ட்ரைட்டின் 'ஹாஸ்கேரக்டர்' நேரான பதில் தரும். சி மொழியில் 'ஃப்ரீடைப்' நூலகத்தின் 'கெட் சார் இன்டெக்ஸ்' 0 தந்தால் இல்லை. லினக்ஸில் நிரலே வேண்டாம், 'எஃப்சி லிஸ்ட்' கட்டளைக்கு ஒரு குறியின் எண்ணைப் பதினறும (ஹெக்ஸ்) வடிவில் கொடுத்தால், அதை வைத்திருக்கிற எழுத்துருக்களை எல்லாம் வரிசையாகக் காட்டும்.

உலாவிக்குள் ஜாவாஸ்கிரிப்டால் பார்க்க முடியுமா?

'டொக்கியுமென்ட் ஃபொண்ட்ஸ் செக்' என்ற செயலியைப் பெயரைப் பார்த்து நம்பிவிடுகிறார்கள். அது எழுத்துரு ஏற்றப்பட்டுவிட்டதா என்று மட்டும் பார்க்கிறது. உள்ளே எந்த உருவம் இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

எனக்குக் கைகொடுத்த வழி 'அடோபி பிளாங்க்' என்ற எழுத்துரு. யூனிகோடின் எல்லா எழுத்துக்கும் வெறும் வெற்றிடத்தை மட்டும் வைத்திருப்பது அது. சோதிக்க வேண்டிய எழுத்துருவை முதலிலும் அடோபி பிளாங்க்கை இரண்டாவதாகவும் குறிப்பிட்டு, எழுத்தை 'கான்வஸ்' மேல் வரையுங்கள். ஒரு புள்ளியாவது மை விழுந்தால் முதல் எழுத்துருவில் அது உண்டு. வெறுமையாக இருந்தால் இல்லை. இரண்டு எழுத்துருவும் முழுதாக ஏறிய பிறகே வரைய வேண்டும். நானுஓயா, ராகலைப் பக்கம் சிக்னல் மெலிந்த இடத்தில் திறந்தால் ஏறி முடிவதற்குள் நிரல் ஓடிவிடும், பதில் தவறிவிடும்.

கையால் ஒரு தடவை பார்த்தால் போதும் என்றால், ஃபயர்பொக்ஸின் ஆய்வுக் கருவியில் எழுத்துருப் பகுதியைத் திறங்கள். உண்மையில் எந்த எழுத்துருவால் வரைந்தது என்று காட்டும்.

தமிழும் சிங்களமும் ஒரே அட்டையில் வந்தால்?

இங்கே பெயர்ப் பலகையிலிருந்து விண்ணப்பம் வரை மும்மொழி. தமிழுக்கென்று செய்த எழுத்துருவில் பெரும்பாலும் சிங்களம் இருக்காது. சிங்களத்தின் இடம் 3456இலிருந்து 3583 வரை. விண்டோஸில் வருகிற நிர்மலா யூஐ போன்ற சிலவற்றில் இரண்டும் உண்டு. மற்றபடி வாசகத்தை மொழி மொழியாகத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் அதற்குரிய எழுத்துருவைக் கொடுத்து, தனித்தனியே சோதியுங்கள்.

சிங்களத்தில் ஸ்ரீ எழுத 8205 என்ற கண்ணுக்குத் தெரியாத இணைப்பி நடுவில் வேண்டும். தமிழுக்கு அது தேவையில்லை. 'சுத்தம் செய்கிறேன்' என்று பட்டியல் முழுவதிலிருந்தும் அதை நீக்குகிற நிரலை நானும் ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். சிங்களப் பக்கத்து 'ஸ்ரீ' எல்லாம் உடைந்துபோயிற்று. சோதனையில் அதைக் கணக்கில் எடுக்காமல் விடலாம், வாசகத்திலிருந்து எடுத்துவிடக் கூடாது.

தேர்த்திருவிழா நோட்டீஸில் ௵, ௴ எல்லாம் வருமா?

'விசுவாவசு ௵ ஆடி ௴' என்று போடச் சொல்லிக் கோயில் நிர்வாகத்தினர் கேட்பார்கள். நாள், மாதம், வருடம் ஆகியவற்றின் குறிகள் 3059, 3060, 3061. இவை 2003இல் யூனிகோட் 4.0இல் வந்தவை. ௐ 2008இல் 5.1இல் வந்தது, எண் 3024. அழகான தலைப்பு எழுத்துருக்களில் இவை விடுபடுவது சகஜம். சோதிக்காமல் வாக்குக் கொடுக்காதீர்கள்.

காணி, மா, முந்திரி போன்ற பழைய பின்னக் குறிகள் இன்னும் தூரத்தில் இருக்கின்றன. 2019இல் 12.0ஆம் பதிப்பில் 'தமிழ் நிரப்பி' என்ற தனிப் பகுதியாக 51 குறிகள் சேர்ந்தன, இடம் 73664 முதல். 65535ஐத் தாண்டிய எண்கள் என்பதால் சிமேப்பின் பழைய 4ஆம் வடிவத்தில் அவை அடங்காது, 12ஆம் வடிவம் வேண்டும். நோட்டோவில்கூட இதற்குத் தனி எழுத்துருக் கோப்புத்தான். ஜாவாவில் ஒற்றை 'சார்' மாறியில் இவற்றை வைக்கவும் முடியாது.

சதுரம் இல்லை, ஆனால் கொம்புக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன வட்டம் தெரிகிறது. எழுத்துருப் பிழையா?

இல்லை, தட்டச்சுப் பிழை. பாமினியில் கொம்பை முதலில் அடித்துப் பழகிய கை, யூனிகோடிலும் அப்படியே அடிக்கிறது. தாங்க எழுத்து இல்லாமல் நிற்கிற கொம்புக்கு வடிவமைப்பு இயந்திரம் 9676 என்ற புள்ளிவட்டத்தை முட்டுக் கொடுக்கிறது. சொல்லின் தொடக்கத்தில் 3006 முதல் 3021 வரையான குறி வந்தால் பிழை என்று நிரலில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். கௌரியை கெளரி என்று அடித்திருந்தால் மட்டும் எந்த எழுத்துருச் சோதனையும் பிடிக்காது, ஏனென்றால் ெ, ள இரண்டும் முறையான குறிகளே. பெயர்ப் பட்டியலில் சொல்லின் தொடக்கத்திலே 'கெள', 'செள', 'மெள' வந்தால் தனியாக எடுத்துக் காட்டும்படி வைத்திருக்கிறேன். மாற்றுவதை நிரலுக்கு விடவில்லை. 'மெள்ள' போன்ற நல்ல சொல்லையும் அது கெடுத்துவிடும்.

சோதிக்க எந்த வாசகத்தைக் கொடுப்பது?

புது எழுத்துரு கைக்கு வந்தால், நம்முடைய ஊர்ப் பெயர்களையே முதலில் கொடுப்பேன். ஹட்டன், டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, நுவரெலியா, ஹப்புத்தளை, பொகவந்தலாவை. ஹ, ஸ, டி, கோ, நோ, வூ, கெ, ரெ, பொ, ளை என்று சிக்கலான இடங்களில் பாதி இவற்றிலேயே வந்துவிடும். மீதிக்கு க்ஷ, ஜூ, ஸ்ரீ, ஶ்ரீ, ஃ, ௐ.

அச்சுக்குப் போகும் வேலை என்றால் மாதிரி வாசகம் போதாது. அன்றைய பட்டியலின் கடைசிப் பெயர் வரை ஹார்ஃப்பஸ் வழியாக ஓட வேண்டும். ஒரு பெயரில் 0 விழுந்தாலும் என் நிரல் அட்டை அடிப்பதை நிறுத்தி, அந்தப் பெயரையும் வரி எண்ணையும் காட்டும். எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டுத் தொடர்ந்து அடிக்கிற மாதிரி எழுதாதீர்கள். இரவு 11 மணிக்கு, காலையில் விழா என்று நிற்கும்போது, எச்சரிக்கையை யாரும் வாசிப்பதில்லை.